பச்சைக் கூடத்தில் ரோஸ் வேட்டி

டெல்லியிலிருந்து திரும்பி வந்த மூட்டைகள் இன்னும் எங்கள் முன்கூடத்திலேயே கிடந்தன. அவற்றை உள்ளே தூக்கிப் போடச் சொல்லி நான் உத்தரவிடவில்லை. வீட்டுக்குள் வருகிற ஒவ்வொருவரும் அவற்றைத் தாண்டித்தான் வரவேண்டும் என்று இருந்தேன். கண்ணில் படட்டும்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கி, தரம் பிரித்து, வடக்கே அனுப்புவது எங்கள் குடும்பத் தொழில். 'இரட்டைக் கிளை' என்பது எங்கள் மார்க். அந்த மார்க் குத்திய மூட்டையை யாரும் பிரித்துப் பார்த்து வாங்கியதில்லை. மார்க்கைப் பார்த்தாலே போதும், லாரியில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப்பட்ட மூட்டைகளைத்தான் முதல் தரப் பச்சைக் காயில் வெளுத்த மஞ்சள் காய் கலந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். சுந்தரலிங்கம் என்ற என் பெயரோடு 'கலப்படம்' என்ற சொல் சேர்ந்து வந்தது அதுதான் முதல் தடவை.

டெல்லி கம்பெனிக்கு இந்தப் பக்கம் காய் பார்த்து எடுப்பவர் ஞானசிகாமணி. மரியாதை தெரிந்த மனிதர். போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நேரில் வருகிறேன், புதிதாகப் பிரித்த காயைக் காட்டுங்கள், அதுவும் கலந்திருந்தால் இரட்டைக் கிளைக்கும் எங்களுக்கும் இனி ஒட்டு உறவு இல்லை.

அந்தப் புதன்கிழமைதான் இன்று விடிந்தது.

பழி யார் மேல் என்பதை என் இளைய மகன் விஜயபாண்டி முந்தின நாளே முடிவு செய்துவிட்டான். காய் பிரிக்கும் பெண்கள் வேண்டுமென்றே கலந்துவிட்டார்கள், புதன்கிழமைக்குப் பிறகு எவரும் வேலைக்கு வரவேண்டாம் என்று, அவர்கள் வேலை செய்யும் கூடத்து வாசலில் நின்று சொல்லிவிட்டான். நான் தடுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் சொன்ன சொல்லை இன்னொருவர் ஆட்கள் முன்னால் வெட்டிப் பேசுவது வழக்கமில்லை.

என் மூத்த மருமகள் அனுசுயா மட்டும் ராத்திரிச் சாப்பாடு பரிமாறும்போது, "மாமா, அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல கை கோணுமா?" என்று கேட்டாள். மூத்தவன் சுரேஷ்கண்ணன் மலையில் தோட்டத்தைப் பார்க்கிறான். கூடத்தின் பொறுப்பு இவளுடையது. நான் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன். மோர் ஊற்றச் சொன்னேன்.

அந்தக் கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தை மாதம் விஜயபாண்டிக்குக் கல்யாணம். சின்னமனூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் சண்முகராஜின் மகள் தேவயானியைப் பேசி முடித்திருந்தோம். கல்யாணத்துக்கு முன் தொழில் இடத்தைப் புதுப்பித்துவிட வேண்டும் என்று விஜயபாண்டி மதுரையிலிருந்து வாஸ்து பார்ப்பவரைக் காரில் கூட்டிவந்தான். வியாபாரத்துக்கு அதிபதி புதன், புதனுக்கு உகந்த நிறம் பச்சை என்றார் அவர். போதாததற்கு ஏலக்காயும் பச்சை. இதைவிடப் பொருத்தம் வேறென்ன இருக்கிறது?

சுண்ணாம்பு அடித்திருந்த நாலு சுவரிலும் பளபளக்கும் பச்சை எனாமல் ஏறியது. பலகை மேசைகளுக்குப் பச்சை ரெக்சின் தைத்துப் போட்டார்கள். பெண்களுக்குப் பச்சை மேல்கோட்டு கொடுத்தார்கள். நான்தான் குத்துவிளக்கேற்றித் திறந்து வைத்தேன். கூடத்துக்குள் போனால் கம்பம் வயல்வெளிக்குள் இறங்கி நின்றதுபோல இருந்தது. பார்க்க வந்த வியாபாரிகள் எல்லாம் வாய் நிறையப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இன்று காலை பத்தரை மணிக்கு நான் பின்முற்றத்தைக் கடந்து குடோனுக்குப் போனேன். கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி. அதில் ஒரு மடிப்புக் கலைந்தாலும் நான் வெளியே இறங்குவதில்லை. டீ குடிப்பதற்காகப் பெண்கள் கூடத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஒதுங்கி நின்றார்கள். நான் அவர்களைத் தாண்டிய பிறகுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"மொதலாளி இன்னைக்கும் ரோஸ் வேட்டிதான் கட்டியிருக்காக."

ஒருத்தி சிரித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி சிரித்தாள். நான் நின்றேன். சிரிப்பும் நின்றது.

அறுபது வயதைத் தாண்டிய என்னிடம், என் முற்றத்தில், என் சம்பளம் வாங்குகிறவர்கள். காதோரம் சூடேறியது. நான் திரும்பிப் பார்க்குமுன் விஜயபாண்டி எங்கிருந்தோ வந்து நின்றான். இப்போதாவது தெரிகிறதா அப்பா, இதுகளுக்கு இருக்கிற திமிர், இன்றைக்குச் சாயங்காலம் வரை எதற்கு, இப்போதே வெளியே அனுப்பிவிடுகிறேன் என்றான்.

நான் கையை உயர்த்தி அவனை நிறுத்தினேன். பெண்களுக்கு மூத்தவளாக நின்று வேலை வாங்கும் சங்கிலியம்மாளைக் கூப்பிட்டேன். சின்ன வயதில் கூடத்துக்கு வந்தவள். என் எதிரில் இதுவரை அவள் நிமிர்ந்து பேசியதில்லை.

"யாரு சொன்னது?"

"நான்தேன் சொன்னேன், மொதலாளி." சொன்னது அவளில்லை என்பது எனக்குத் தெரியும். குரல் இளசு. ஆனாலும் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள்.

"நான் கட்டியிருக்கிறது ரோஸ் வேட்டியா?"

அவள் என் வேட்டியைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். "இப்ப வெள்ளையாத்தேன் தெரியுது. வெளிய வந்த ஒடனே ரோசாத் தெரிஞ்சுச்சு. உங்க வேட்டி மட்டுமில்ல. எல்லாந்தேன்."

பொய் என்று விஜயபாண்டி கத்தினான். அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. என்னிடம்தான் சொன்னாள், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. கூடம் புதுசானதிலிருந்து எல்லோருக்கும் அப்படித்தானாம். மத்தியானம் முற்றத்தில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தால் சோறு ரோஜா நிறத்தில் தெரிகிறதாம். பயந்துபோய் இரண்டு பேர் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். ஒருத்தி, எவரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சுருளி அருவிக்குப் போய்த் தீர்த்தமாடிவிட்டு வந்திருக்கிறாள். மத்தியானத்துக்கு மேல் தலை கனக்கிறது, கண் எரிகிறது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஒருத்தி மேல் ஒருத்தி எரிந்து விழுகிறார்கள்.

"இத ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"கண்ணு கெட்டுப்போச்சுன்னு சொன்னா காய் பிரிக்க எங்கள வச்சிருப்பீகளா, மொதலாளி?"

 வைத்திருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை.

அனுசுயா அதுவரை கூடத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். தலைக்கு மேல் ஏதோ விளக்குப் போட்டதுபோல அவள் முகம் இருந்தது.

"மாமா, நீங்க உள்ள வந்து உக்காந்து காய் பிரிக்கணும்."

நான் அவளை ஏறிட்டுப் பார்த்தேன். எங்கள் குடும்பத்து ஆண் எவனும் அந்தப் பலகையில் உட்கார்ந்ததில்லை. காய் பார்ப்போம், விலை சொல்வோம். பிரிப்பது ஆட்களின் வேலை.

"உங்க கண்ணு மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்குல்ல? இந்த ஊரே அந்தக் கண்ண நம்பித்தான வாங்குது. அதனாலதான் கேக்குறேன்."

அந்தச் சொல்லுக்குத்தான் நான் உள்ளே போனேன்.

சங்கிலியம்மாளின் இடத்தில் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே பச்சைச் சுவர், கைக்குக் கீழே பச்சை ரெக்சின், இரண்டு பக்கமும் பச்சைக் கோட்டு. காயைக் குவித்தார்கள். எடுத்தேன், உருட்டினேன், ஒதுக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, இத்தனை வருஷம் காய் பார்த்த விரல் பழக்கத்தை மறக்கவில்லை. பச்சையை ஒரு தட்டிலும் வெளுப்பை இன்னொரு தட்டிலும் போட்டுக்கொண்டே போனேன்.  எழுந்துவிடலாமா என்று ஒரு தடவை நினைத்தபோது, இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள் என்றாள் அனுசுயா. எனக்குக் கண் உறுத்த ஆரம்பித்திருந்தது. அதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

தட்டு நிறைந்தது. மாசில்லாத பச்சை. ஒரு மஞ்சள் காய் இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன்.

"இப்ப வெளிய வாங்க மாமா."

முற்றத்தில் கால் வைத்தேன். குனிந்து பார்த்தேன்.

என் வேட்டி ரோஸ் நிறத்தில் இருந்தது.

லேசான ரோஸ். பன்னீர் ரோஜாவை நீரில் அலசிப் பிழிந்ததுபோல. சுவரில் காய்ந்த துண்டு ரோஸ், வெள்ளைக் கோழி ரோஸ். பின்வாசலில் மோர்ச் செம்போடு நின்ற என் மனைவி கஸ்தூரியைப் பார்த்துக் கேட்டேன்.

"கஸ்தூரி, நான் என்ன கலர் வேட்டி கட்டியிருக்கேன்?"

அவள் வேட்டியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "காலைல நானே மடிச்சுக் குடுத்த வெள்ள வேட்டி. ஏன், மேலுக்கு முடியலையா?"

பெண்கள் கூட்டத்தில் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை எனக்குக் காது சுடவில்லை.

அனுசுயா என் தட்டை எடுத்து வந்து முற்றத்து வெளிச்சத்தில் வைத்தாள். உடனே பார்க்க விடவில்லை. கண் தெளியட்டும், பொறுங்கள் என்றாள். வேட்டி மெல்ல மெல்ல வெள்ளைக்குத் திரும்பியது. அதன் பிறகு பார்த்தேன்.

நான் பிரித்த தட்டு, என் கையால் பிரித்தது. அதில் அங்கங்கே மஞ்சள் கிடந்தது. வெளுத்த காய், பழுத்து நிறம் இறங்கிய காய், எதை டெல்லியில் கலப்படம் என்றார்களோ அதே காய்.

அனுசுயா படபடவென்று சொன்னாள். காலேஜில் பௌதிகம் படித்தவள். பளபளக்கும் பச்சைச் சுவர் வெளிச்சத்தையும் பச்சையாக்கித்தான் திருப்பி அனுப்புகிறது, அந்த வெளிச்சத்தில் மஞ்சளும் பச்சைபோலத் தோன்றுகிறது, நாள் முழுக்கப் பச்சையையே பார்க்கும் கண் களைத்துப்போய் வெளியே வந்ததும் வெள்ளையைச் சிவப்பாகக் காட்டுகிறது. சுண்ணாம்புச் சுவர் இருந்த வரைக்கும் இந்தப் பெண்கள் கையில் ஒரு காய் தப்பியதுண்டா என்று கேட்டாள்.

விஜயபாண்டி விடவில்லை. வாஸ்துக்காரர் சொன்னதை மீறினால் கல்யாண நேரத்தில் விபரீதம் வரும் என்றான். இரண்டு பெண்கள் சொன்னதைக் கேட்டுப் புதனின் நிறத்தை அழிப்பதா என்றான்.

"ஏலே, சொன்னது ரெண்டு பொம்பள இல்ல," என்றேன். "இது என் கண்ணு சொன்னது."

அவன் ஒதுங்கிக்கொண்டான். ஆனால் மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. நாலு மணிக்கு ஞானசிகாமணி வருவார். காலையிலிருந்து பிரித்ததெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து பிரிக்க வேண்டும். எங்கே வைத்துப் பிரிப்பது?

முற்றத்தில் என்றாள் சங்கிலியம்மாள். மலையிலிருந்து இறங்கும் காற்று அப்போதே காயை உருட்ட ஆரம்பித்துவிட்டது. அது போக, பக்கத்து மாடியில் போட்டி வியாபாரி ஒருவர் நின்றால் எங்கள் முற்றம் முழுக்கத் தெரியும். இரட்டைக் கிளைக்காரன் கூடத்தை விட்டு வாசலுக்கு வந்துவிட்டான் என்று மாலைக்குள் கம்பம் வரை பேச்சுப் போய்விடும். முடியாது என்றேன்.

சுண்ணாம்பு அடிக்கலாம் என்றாள் இன்னொருத்தி. பச்சை அடித்த பெயிண்டரைப் போனில் கேட்டோம். எனாமல் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, காய்ந்ததும் செதில் செதிலாக உதிரும், காயிலேயே விழும் என்றார். வெள்ளை எனாமல் அடித்தால் அதன் வாடை காயில் ஏறிவிடும்.

"வெள்ளத் துணி இருந்தா செவுத்த மறைச்சிரலாம்," என்றாள் அனுசுயா. "நாலு செவுருக்கும், மேசைக்கும். அம்புட்டுத் துணிக்கு எங்க போறது?"

எனக்குத் தெரியும், எங்கே என்று.

என் அறையில் ஒரு பெரிய மரப்பெட்டி இருக்கிறது. ஊர்க் கோயில் திருவிழாக்களில் முதல் மரியாதையாக எனக்குக் கட்டிய வேட்டிகள், கல்யாண வீடுகளில் பெரியவர் என்று தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த வேட்டிகள், என் அப்பாவுக்குக் கிடைத்தவை கூட, மடிப்புக் கலையாமல் அதில் இருக்கின்றன. உடுத்துவதற்காக அவற்றை வைத்திருக்கவில்லை. எங்களை இந்தப் பள்ளத்தாக்கு எப்படி வைத்திருக்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி.

பெட்டியைத் திறக்கச் சொன்னதும் கஸ்தூரி பதறிவிட்டாள்.

"கோயில் மரியாதையக் கொண்டுபோய் செவுத்துல ஆணியடிச்சுத் தொங்க விடவா?"

"ஆணி வேண்டாம். கயிறு கட்டச் சொல்லு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பெட்டியைத் தானே திறந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கல்யாண வீட்டுப் பரபரப்பு என்றுதான் சொல்ல வேண்டும். கொடிக்கயிறு சுவருக்குச் சுவர் ஏறியது. வேட்டிகள் கை மாறிக் கை மாறிப் பறந்தன. கரை வேட்டிகளைக் கண்டதும் அனுசுயா குறுக்கே புகுந்து, பச்சைக் கரையெல்லாம் உள்பக்கம் மடியட்டும், ஒரு விரல் அளவு கூட வெளியே தெரியக்கூடாது என்று கத்தினாள். ரெக்சினைக் கிழித்தெறிந்து மேசைகள் மேல் வேட்டியை இரட்டையாக மடித்துப் போட்டார்கள். பச்சைக் கோட்டுகளைக் கழற்றி மூலையில் குவித்தார்கள். கடைசிக் கயிறு தளர்ந்து விழுந்தபோது அதைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் போயிற்று. விஜயபாண்டி ஓடிப்போய் முக்காலி மேல் ஏறி இழுத்துக் கட்டினான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவனாகத்தான் ஏறினான்.

கூடம் முழுக்க வெள்ளை. உள்ளே நின்றவர்கள் கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள்.

பிறகு உட்கார்ந்தார்கள். சங்கிலியம்மாள் முதல் பிடி காயை அள்ளினாள். உருட்டினாள். "அடியாத்தி, இங்கன பாருங்கடி, மஞ்சக் காயெல்லாம் பல்லக் காட்டுது," என்றாள்.

அவ்வளவுதான். கை பறந்தது. வெளுப்பு ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், பச்சை நடுவில் மலைபோல ஏறியது. அதுவரை வாயைத் திறக்காமல் வேலை செய்த பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். யாருடைய மாமியாரையோ பற்றி ஒருத்தி ஏதோ சொல்ல, கூடமே அதிர்ந்தது. அந்த இரைச்சலைப் பழைய நாட்களில் நான் அதட்டி அடக்கியதுண்டு. இன்று அது என் காதில் நாதஸ்வரம் போல விழுந்தது.

வாசலில் கார் நின்றது. ஞானசிகாமணி. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பாதிக் காய்தான் முடிந்திருந்தது.

நேராகக் கூடத்துக்கு வந்தார். வாசற்படியிலேயே நின்று நாலு சுவரையும் பார்த்தார். அவர் பார்த்த எத்தனையோ கூடங்களில் இப்படி ஒன்று இருந்திருக்காது.

"என்னண்ணே, கூடத்துக்கே வேட்டி கட்டிவிட்டுட்டீக?"

விஜயபாண்டி முந்திக்கொண்டான். கல்யாண வேலை நடக்கிறது, அதற்காகத் துணியை வெளுத்துக் காயப்போட்டிருக்கிறோம் என்று தொடங்கினான். அவனுக்குக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பு. பெண்களின் கைகள் நின்றுவிட்டன. சங்கிலியம்மாள் தலை நிமிராமல் இருந்தாள். என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று எல்லோரும் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது.

அவன் சொன்னதற்கு நான் தலையாட்டியிருந்தால் போதும். வந்தவர் அதற்கு மேல் கேட்கமாட்டார். ஆனால் கலந்தது இந்தப் பெண்கள்தான் என்ற பேச்சு அப்படியே நிற்கும். செய்யாத தப்பை ஆள் மேல் ஏற்றிவிட்டு நிமிர்ந்து நடக்கும் குடும்பம் எங்களுடையதல்ல.

"அவன் சொல்றது சரியில்ல, ஞானசிகாமணி," என்றேன். ஒரு வேட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பின்னால் இருந்த பச்சையைக் காட்டினேன். "டெல்லிக்கு மஞ்சக் காய் வந்தது உண்மைதான். அத இவுக கலக்கல. நாங்க பூசுன இந்தப் பெயிண்ட்டு கலந்துச்சு. காலைல நானே உக்காந்து பிரிச்சேன். என் தட்டுலயும் மஞ்சள் இருந்துச்சு."

அவர் படி தாண்டி உள்ளே வந்தார். பிரித்து முடித்த குவியலின் அடியிலிருந்து கை நிறைய அள்ளி ஒரு தட்டில் போட்டார். மேலே இருப்பதை எடுக்கமாட்டார், அனுபவசாலி. தட்டோடு முற்றத்துக்குப் போனார். தோளில் கிடந்த கறுப்புத் துணியை விரித்து வெயிலில் கொட்டினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு விரலால் பரப்பினார்.

நான் பக்கத்தில் நின்றேன். அனுசுயா வாசலில் நின்றாள். 

அவர் ஒரு காயை எடுத்துக் கண்ணருகே பிடித்தார்.  நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வாயில் போட்டு மென்றார்.

"மூட்டையத் தைக்கச் சொல்லுங்கண்ணே. இரட்டைக் கிளைதான் இது."

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "செவுத்த எப்ப மாத்துவீக?"

"நாளைக்கே."

"வெளிய நான் பேச மாட்டேன். நான் காய் எடுக்க வந்தவன், கதை எடுக்க வந்தவனில்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மீதிக் காயைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் விஜயபாண்டியைக் கூப்பிட்டு, நேற்று எந்த இடத்தில் நின்று பேசினாயோ அதே இடத்தில் போய் நில் என்றேன். அவன் நின்றான். வேலையை விட்டு நிறுத்தியது தவறு, யாரும் போக வேண்டாம், உங்கள் மேல் சொன்ன பழியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னான். குரல் கீழே இறங்கியது. கடைசிப் பலகைக்குக் கேட்கும்படி சொல்லச் சொன்னேன். மறுபடியும் சொன்னான்.

சங்கிலியம்மாள் மூலையில் குவிந்து கிடந்ததைக் கையால் காட்டினாள்.

"அந்தப் பச்சக் கோட்டையும் நீங்களே எடுத்துக்கங்க, சின்ன மொதலாளி. மாப்ள அழைப்புக்கு ஆகும்."

கூடம் சிரித்தது. ஞானசிகாமணி சிரித்தார். என் மீசைக்குக் கீழும் ஏதோ அசைந்திருக்க வேண்டும், ஏனென்றால் கஸ்தூரி என்னை விநோதமாகப் பார்த்தாள். முன்கூடத்தில் கிடந்த மூட்டைகளைத் தூக்கிவந்து மறுபடி பிரிக்கச் சொன்னேன். வீட்டுக்குள் நுழையும் வழி திறந்தது.

கார் போனதும் அனுசுயா ஆபீஸ் அறைக்கு வந்தாள். பின்னாலேயே விஜயபாண்டி. அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்திருந்தது.

"கொழுந்தனாரே, கூடம் பச்சையான பெறகு பிரிச்ச காய் டெல்லிக்கு மட்டுமா போச்சு?"

அவன் மேசையைப் பார்த்தான்.

"சொல்லுலே," என்றேன்.

சொன்னான். டெல்லிக்கு அனுப்பியதுபோக மீதியை, முதல் தரம் என்று மார்க் குத்தி, சின்னமனூருக்கு அனுப்பியிருக்கிறான். சண்முகராஜுக்கு. சம்பந்தி வீட்டுக்கு நம் வீட்டுச் சரக்கு போவது பெருமை என்று அனுப்பினானாம். அவர் அதை மதுரைக் கடைகளுக்குக் கொடுப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாராம். கல்யாணம் முடியும் வரை யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள் அப்பா, தை வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள், மார்க்கைப் பார்த்தே ஏற்றிவிடுவார்கள் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினான்.

மார்க்கைப் பார்த்தே ஏற்றிவிடுவார்கள். அதைத்தான் நான் இத்தனை வருஷமாக மார் நிமிர்த்திச் சொல்லிவந்தேன்.

நான் போனை எடுக்கக் கை நீட்டுமுன் அது மணியடித்தது.

"சம்பந்தி, நல்லாயிருக்கீகளா?" சண்முகராஜின் குரல் உற்சாகமாக இருந்தது. "சரக்க இன்னைக்கு மதுரைக்கு ஏத்துறேன். வண்டி வாசல்ல நிக்குது. கடைக்காரகளும் வந்திருக்காக. உங்க மார்க்கக் காட்டித்தான் பெருமை பேசிக்கிட்டு இருக்கேன்."

விஜயபாண்டி தலையை அசைத்து வேண்டாம், வேண்டாம் என்றான். அனுசுயா அசையாமல் நின்றாள்.

"ஏத்தாதீக, சம்பந்தி," என்றேன். "ஒரு மூட்டையப் பிரிச்சு, வந்தவக முன்னாடியே வெயில்ல கொட்டுங்க. அதுல மஞ்சக் காய் இருக்கு. முதல் தரமுன்னு மார்க் குத்தி அனுப்புனது என் வீடுதான். வண்டியத் திருப்பி எங்களுக்கே விடுங்க."

 மறுமுனையில் ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். சாக்குத் தையலைப் பிரித்து இழுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு காய் கொட்டும் ஓசை. பல குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. சண்முகராஜின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே போனது. என்ன சொல்கிறார் என்பது மட்டும் பிடிபடவில்லை.

நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு யாரோ அதைக் கையில் எடுத்தார்கள். சண்முகராஜ் இல்லை. ஒரு பெண்குரல், மூச்சு வாங்கியபடி, ஆனால் தடுமாறாமல் பேசியது.

"மாமா, நான் தேவயானி. அப்பா பேச மாட்டேங்கிறாக. போன அவுகட்டக் குடுங்க. இது தெரிஞ்சும் மறைக்கப் பாத்தாகளான்னு உங்கட்ட இல்ல, அவுகட்டத்தான் நான் கேக்கணும்."

ரிசீவரை விஜயபாண்டியின் பக்கம் நீட்டினேன்.